அமெரிக்கர்களின் 0.7-ம் நம் ஊர்க் குழாயும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதை ஒவ்வொரு மாநிலமாக நிறுத்திக்கொண்டு வருகிறார்களாம். அது குழந்தைகளின் அறிவை மந்தமாக்கும் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஃபுளோரைடு தண்ணீரைத்தானே குடித்தோம்? அப்படியானால் நம் பிள்ளைகளின் கதி என்ன? பற்பசையையும் மாற்ற வேண்டுமா? இதில் எது அறிவியல், எது அரசியல்?"

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துவிடுகிறேன். அமெரிக்கர்கள் சண்டை போடுவது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் ஃபுளோரைடைப் பற்றி. பல் சொத்தையைக் குறைக்க வேண்டும் என்று அவர்களே அளந்து கலக்கும் அளவு அது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் பல 1.5-ஐத் தாண்டியவை, சில இடங்களில் 3, 4 என்றும் போகும். அதை யாரும் கலக்கவில்லை, பாறை கலக்கிறது. இரண்டும் ஒரே பெயருள்ள பொருள் என்பதைத் தவிர, அவர்களுடைய வழக்கும் நம்முடைய வழக்கும் வேறு வேறு. 'ஃபுளோரைடு விஷம்' என்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் விழுங்கிவிடுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். எது அளவு என்பதில்தான் வழக்கே.

அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தொடங்கியதே நம் ஊர்ப் பற்களைப் போன்ற கறைபட்ட பற்களில்தான். 1901-இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குத் தொழில் செய்ய வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். அது இன்னதென்று பிடிபட முப்பது ஆண்டுகள் ஆயின. 1931-இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து, அது ஃபுளோரைடு என்று கண்டார். இதற்கிடையில் மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார்: கறைபட்ட அந்தப் பற்களில் சொத்தை குறைவு. பிறகு டிரெண்ட்லி டீன் என்பவர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் கறையும் பெரிதாக விழாது, சொத்தையும் குறையும் என்ற முடிவுக்கு வந்தார். 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்கத் தொடங்கியது. உலகில் அதுதான் முதல் நகரம்.

கலக்கத் தொடங்கியதுமே அரசியலும் கலந்தது. 1950-களில் இது கம்யூனிஸ்டுகளின் சதி என்று அங்கே தீவிரமாகப் பேசியவர்கள் உண்டு. அரசாங்கம் என் வீட்டுக் குழாயில் மருந்து கலக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க மனத்தில் எப்போதும் உறுத்திக்கொண்டே இருப்பது. அது நியாயமான கேள்விதான், ஆனால் வேதியியல் கேள்வி அல்ல. இப்போதைய அலையிலும் அந்த உறுத்தல் பாதி இருக்கிறது.

மீதிப் பாதியில் அறிவியல் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீருக்கு ஆட்படும் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது அதன் முடிவு. அந்த முடிவில் தங்களுக்கு 'மிதமான நம்பிக்கை' என்றும், 0.7 அளவு பற்றிச் சொல்லத் தரவு போதாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் கலிபோர்னியாவில் நீதிபதி எட்வர்ட் சென், 0.7 அளவில்கூட நியாயமற்ற அபாயம் இருப்பதாகவும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், ஃபுளோரைடு கலந்த நீர் மக்கள் உடல்நலத்துக்குக் கேடு என்று உறுதியாகத் தாம் முடிவு செய்துவிடவில்லை என்றும் எழுதினார். காணொளிகளில் முதல் வாக்கியம் வருகிறது, இரண்டாவது வருவதில்லை. 2025 மார்ச்சில் யூட்டா மாநிலமும் மே மாதத்தில் ஃபுளோரிடாவும் கலப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றின. எதிர்த் திசையிலும் செய்தி உண்டு: கனடாவின் கால்கரி நகரம் 2011-இல் நிறுத்தியது; குழந்தைகளின் பல் சொத்தை கூடியதாக ஆய்வுகள் சொல்லவே, 2021-இல் மக்களிடம் வாக்கெடுத்து, 2025 ஜூன் இறுதியில் மீண்டும் கலக்கத் தொடங்கியது.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறு. 2025 ஜனவரியில் இந்தத் தொடர்பைப் பற்றிய 74 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 45 சீனாவில் நடந்தவை. இந்தியாவிலும் ஈரானிலும் நடந்தவை உண்டு. அமெரிக்காவில் நடந்தது ஒன்றுகூட இல்லை. ஆக, அமெரிக்கர்கள் தங்கள் குழாய்க்காகப் போடும் வழக்கில் சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் நம்மைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள். அந்த 1.5 என்ற எண்ணும் நம்முடையது: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அதுதான், இந்தியத் தர நிர்ணயத்தில் 1 இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். செய்தி பத்தாயிரம் மைல் தள்ளி நடக்கிறது, அதன் எண் நம் மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம்.

ஃபுளோரைடு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்க்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். அது இந்தியாவில் முதன்முதலாக ஆவணமானதே பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் அப்போதைய நெல்லூர் மாவட்டத்தில் முதுகு விறைத்துப் போனவர்களைப் பரிசோதித்து எழுதினார்கள். தருமபுரி அன்றைக்குச் சேலம் மாவட்டத்தின் ஒரு மூலை. 1965-இல் தனி மாவட்டமானது, 2004-இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. எல்லைக்கோடு எங்கே போட்டாலும் கீழே இருப்பது ஒரே பாறை: கருங்கல், நைஸ், சார்னோகைட். அவற்றில் அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற ஃபுளோரின் உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஊத்தங்கரைக்குப் போகும் வழியில் சாமல்பட்டிப் பக்கத்துப் பாறைகளைப் பார்க்கப் புவியியல் மாணவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பாறையைப் பார்ப்பவர்களுக்கு அது புதையல். அதன் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு வேறு.

பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறது. பிறகு ஏன் நம் தாத்தா பாட்டிக்கு இல்லாத தொல்லை அப்பாக்களின் தலைமுறைக்கு வந்தது? திறந்த கிணறுகள் முப்பது நாற்பது அடியில் மழைநீரைத் தேக்கி வைத்தவை. அந்த நீர் பாறையோடு பழகிய காலம் குறைவு. 1960-களின் இறுதியிலிருந்து கடினப்பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் வந்தன. 70-களில் இந்தியா மார்க் 2 கைப்பம்பு வந்தது. காலராவுக்கும் பேதிக்கும் குழந்தைகள் சாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் ஊருக்கு ஊர் அடித்தார்கள். அந்தக் காரியம் நடந்தது, கிருமிச் சாவுகள் குறைந்தன. ஆனால் நூறு, இருநூறு அடிக்குக் கீழே, பாறை விரிசலில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த நீர் மேலே வந்தது. பிறகு விவசாயத்துக்கும் மின்மோட்டார் போட்டு இறைத்து இறைத்து, இன்று ஆயிரம் அடிக்கு மேல் போகிறார்கள். இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. வில்லன் இல்லாத கதை செய்தியாவதும் கடினம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பாலக்கோட்டுப் பக்கம் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை ஊர்ப் பெண்களிடம்தான் கற்றேன். நம் பக்கத்தில் ஒரு தண்ணீர் நல்லதா என்பதை எப்படித் தீர்மானிப்பார்கள்? வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள், உப்புக் கரிக்கக் கூடாது. பருப்பு சீக்கிரம் வேக வேண்டும். துணிக்குச் சோப்புப் போட்டால் நுரைக்க வேண்டும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியக் கூடாது. இந்த நான்கும் தலைமுறை அனுபவம், தப்பில்லாத சோதனைகள். ஆனால் இவை எல்லாம் சோதிப்பது உப்பையும் சுண்ணாம்பையும். ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நம் தண்ணீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை.

அதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாக்கிக் கீழே தள்ளிவிடும். கரைசலில் அதிகம் நிற்க விடாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் பருப்பு மலர வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் கறை படியாது. அதாவது ஊரில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் இருந்து, பருப்பு வேகவில்லை என்று ஒன்றை ஒதுக்கி, நன்றாக வேகிறது என்று மற்றொன்றைக் குடிநீருக்கு வைத்தால், ஃபுளோரைடு கூடியதைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு உண்டு. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சமையலறை அறிவு இந்த ஒரு பொருளிடம் தோற்றுப் போகிறது, அதனால் இங்கே அளந்து பார்க்காமல் வழியில்லை என்பதுதான் விஷயம்.

காய்ச்சிக் குடிக்கிறோமே என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகப் போன அளவுக்கு அதன் செறிவு கூடும். களி கிண்டும்போதும் இதே கணக்குத்தான்: மாவு இழுத்துக்கொள்ளும் தண்ணீரெல்லாம் தட்டில் வந்து சேர்கிறது. அதே களிக்கு ஒரு வரவுப் பக்கமும் உண்டு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பல்லுக்கு வருவோம். பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை, உடம்பில் அதிக ஃபுளோரைடு போனால்தான் எனாமலில் கறை விழும். முதலில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக; கூடினால் மஞ்சளாக, பழுப்பாக, கடைசியில் குழி விழுந்து விளிம்பு உதிரும். முளைத்த பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் புதிதாகக் கறை விழாது. விழுந்தது தேய்த்தாலும் போகாது. பல் ஒரு வருகைப் பதிவேடு, எந்த வயதில் எந்தத் தண்ணீர் என்று எழுதி வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எலும்பு அப்படியல்ல. அது ஆயுள் முழுவதும் சேர்த்துக்கொண்டே இருக்கும். நாற்பது ஐம்பது வயதில் முதுகு விறைக்கும், கழுத்து திரும்பாது. அரசின் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் இதற்கு மூன்று எளிய சோதனைகள் வைத்திருக்கிறார்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க வேண்டும்; தாடையால் நெஞ்சைத் தொட வேண்டும்; கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட வேண்டும். முடியவில்லை என்றால் உடனே இதுதான் என்று முடிவு கட்டக் கூடாது, வயதும் வேலையும்கூட முதுகை வளைக்கும். பரிசோதனைக்குப் போக வேண்டும் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நோய் என்று சொன்னால் முதுகுதான் பெரியது. ஆனால் ஊரில் மக்கள் வருந்தியது பல்லுக்காக. பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் தெரியும்: புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லியிருப்பார், மணப்பெண் உதட்டை இறுக்கி மூடிக் கண்ணால் சிரித்திருப்பாள். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்த பிள்ளை எழுந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லும். வரன் பார்க்க வந்தவர்கள் "பெண்ணுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு அடுத்ததாகப் பல்லைப் பார்ப்பார்கள். வெற்றிலை, பொடி என்று பழியையும் சேர்த்துப் போட்டார்கள், பல் விளக்கத் தெரியாத சனம் என்றார்கள். தண்ணீர் செய்ததற்கு ஒழுக்கத்தின் மீது குற்றம் வந்தது. இந்த அவமானத்தை எந்த ஆய்வும் மில்லிகிராமில் எழுதவில்லை.

அதற்கான மருந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதன் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு, காவிரியில் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 1.4 டி.எம்.சி. எடுத்து இரு மாவட்டங்களுக்கும் கொடுப்பது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே கர்நாடகத்தில் அது தேர்தல் பொருளானது. எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்துவிட்டுப் போனார். இங்கே பஸ்கள் நின்றன, கொடிகள் எரிந்தன, ஏப்ரலில் சென்னையில் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது, யார் என்ன பேசினார் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கர்நாடகத்தில் புதிய அரசு வரட்டும் என்று திட்டம் சிறிது காலம் தள்ளி வைக்கப்பட்டது. அந்த இரண்டு மாதப் பேச்சைத் தூக்கிப் பார்த்தால் ஆறு இருக்கும், மொழி இருக்கும், மானம் இருக்கும். பல் இருக்காது. எதற்காக இந்தத் தண்ணீர் என்று கேட்டிருந்தால் உணர்ச்சி பொங்கப் பேசியவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

எப்படியோ, பணி நடந்தது. 2013 மே மாதம் 29-ஆம் தேதி முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு கட்சி அடிக்கல், மறு கட்சி திறப்பு. இது யாருடைய சாதனை என்ற சண்டை இன்றும் மேடைகளில் நடக்கிறது. இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் இரண்டு பக்கத்திலும் அடி விழும், பரவாயில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு மலைமேட்டில் ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்தது சின்னக் காரியம் அல்ல.

ஆனால் தம்பி கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர் மட்டும்தானா? மக்கள் தொகை கூடியது, ஓசூர் எங்கேயோ வளர்ந்துவிட்டது, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது. இரண்டாம் கட்டத் திட்டம் பற்றிய பேச்சும் அதனால்தான். பற்றாக்குறை வரும் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு உள்ளூர்ப் போர் தண்ணீரையும், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரையும், ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். இது ஊரறிந்த இரகசியம். கணக்குப் போட்டால் கலப்பது தன்னளவில் பாவம் இல்லை: 0.5 உள்ள நீரில் 3 உள்ள நீரைச் சம அளவில் கலந்தால் 1.75, நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்றால் 1. எந்தக் கிணறு, எத்தனை பங்கு என்று அளந்து கலந்தால் பாதுகாப்பாகவே கொடுக்கலாம். மோட்டார் போடுபவரிடம் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. தொட்டி நிரம்பியதா என்பதுதான் அவருக்கு வேலை. கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறையக் குறையப் போர் தண்ணீரின் பங்கு கூடும். பிள்ளைகள் அதிகம் தண்ணீர் குடிப்பதும் அந்த மாதங்களில்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு திட்டம் வென்றதா தோற்றதா என்று பார்க்க நமக்குக் கைவசம் ஓர் அருமையான வழி இருக்கிறது. 2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கிறார்கள். முன்பற்கள் முளைத்தாயிற்று. பல் ஆய்வுகளுக்கு உலகமெங்கும் வைத்துக்கொள்ளும் வயதும் பன்னிரண்டுதான். பல் கறையைத் தரம் பிரிக்க டீன் அந்தக் காலத்தில் வகுத்த அளவுகோல் இருக்கிறது. எக்ஸ்ரே வேண்டாம், பகல் வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, ஊர்வாரியாக எழுதி, பத்து ஆண்டு மூத்தவர்களின் பல்லோடு ஒப்பிட்டால், எந்த ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் உண்மையில் போய்ச் சேர்ந்தது, எங்கே குழாய் மட்டும் போய்ச் சேர்ந்தது என்பது ஒரு வரைபடமாக வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண், காது, பல் பார்க்கும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. பார்க்கிறார்கள். ஆனால் பார்த்தது ஊர்வாரி எண்ணாக ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அமெரிக்க நீதிபதி எழுதியது ஒரே நாளில் பென்னாகரத்துக்கு வருகிறது. பென்னாகரம் பள்ளியில் எழுதியது பென்னாகரத்துக்கு வருவதில்லை. நீங்கள் கேட்ட 'எது அரசியல்' என்பதற்கு என் பதில் இதுதான்: எந்த எண் நம் கைக்கு வருகிறது, எது வருவதில்லை என்பதில் அரசியல் இருக்கிறது.

அறிவு மந்தமாவது பற்றி. இதை எழுதக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனாலும் எழுதுகிறேன். மேலே சொன்ன 74 ஆய்வுக் கட்டுரையில், சிறுநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூடினால் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக 1.63 புள்ளி குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 74-இல் 52 ஆய்வுகள் பிழைக்கு அதிக இடம் உள்ளவை என்றும் அவர்களே தரம் பிரித்திருக்கிறார்கள். ஃபுளோரைடு கூடிய கிராமம் பெரும்பாலும் வறண்ட கிராமம். வறண்ட கிராமத்தில் சத்துணவும் குறைவு, பள்ளியும் தூரம், அம்மாவின் படிப்பும் குறைவு. இவற்றை எல்லாம் கழித்துவிட்டு ஃபுளோரைடின் பங்கை மட்டும் தனியே நிறுத்துவது கடினமான வேலை. தரமான ஆய்வுகளிலும் தொடர்பு தெரிகிறது என்பதால் அலட்சியம் கூடாது. அதே சமயம், சராசரியில் ஒன்றரைப் புள்ளி என்பது எந்த ஒரு பிள்ளையைப் பற்றியும் எதையும் சொல்லாது. கணக்கில் மதிப்பெண் குறைந்த பையனைப் பார்த்து "தண்ணீர் அப்படி" என்று சொல்லும் வாத்தியார் ஒருவர் கிளம்பினால், அது ஃபுளோரைடைவிடப் பெரிய கேடு. இந்த மாவட்டத்துக்கு ஏற்கெனவே ஒட்டிய பட்டங்கள் போதும். 1.5-க்குக் கீழே தண்ணீர் கொடு என்று அரசைக் கேட்க இந்த ஆய்வுகள் நல்ல ஆதாரம்; பிள்ளையை அளக்க அல்ல.

பற்பசைக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் ஃபுளோரைடு பற்பசையில் உச்ச வரம்பு 1000 பி.பி.எம்., அதாவது ஒரு கிராமில் 1 மில்லிகிராம். பட்டாணி அளவு பசை கால் கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 0.25 மில்லிகிராம், அதையும் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு பிள்ளை ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம், முழுவதும் வயிற்றுக்குள். பசையைத் தூக்கி எறிந்துவிட்டு அதே தண்ணீரைத் தொடர்ந்து குடிப்பதில் என்ன பயன்? பெரியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பசையை விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள். வீட்டில் போர் தண்ணீர்தான் என்றால் அவர்களுக்கு ஃபுளோரைடு இல்லாத பசை நல்லது, பல் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு அரிசி அளவு, பட்டாணி அளவு பசை சொத்தையைத் தடுக்கவே செய்யும். இப்போது நம் பிள்ளைகளுக்குப் பல்லில் சொத்தை விழுவது பெட்டிக்கடைத் தின்பண்டத்தால்.

வடிகட்டி வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியோ, புற ஊதா விளக்கு இயந்திரமோ ஃபுளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், கூடவே கால்சியத்தையும் எடுக்கும், நிறைய நீரைக் கழிவாகவும் தள்ளும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) 1970-களிலேயே உருவாக்கிவிட்டது. மலிவானது, ஆனால் அளவு தவறினால் அலுமினியம் தண்ணீரில் தங்கும், அதனால் வீட்டில் குருட்டாம்போக்கில் செய்ய வேண்டாம். சாப்பாட்டில் கால்சியமும் வைட்டமின் சி-யும் கூடினால் உடம்பில் சேரும் ஃபுளோரைடு குறையும். களியின் வரவுப் பக்கம் என்றேனே, அது இதுதான்: கேழ்வரகைப் போலக் கால்சியம் உள்ள தானியம் வேறு இல்லை. முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் கூடச் சேர்ந்தால் நல்லது. 2002-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஏறத்தாழ இருபது சிறுவர்களுக்குத் தினம் பத்து கிராம் புளி கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதாகக் கண்டார்கள். சிறிய ஆய்வு, மருந்தென்று நம்பிவிடக் கூடாது. ஆனால் புளிக்குப் பேர்போன நம் கிருஷ்ணகிரிச் சந்தையில் இது ஒரு செய்தியாகக்கூடப் பேசப்படாதது எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. எழுந்து நின்று அமெரிக்காவைப் பற்றிப் பேச வேண்டாம். நம் ஊர்த் தொட்டித் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு, எந்தத் தேதியில் அளந்தது, எந்தப் போர் கலக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் இளஞ்சிவப்பு நிறம் மஞ்சளாக மாறும், மாறுவதைப் பார்த்தே அளவு சொல்லலாம். பெட்டி ஊராட்சி அலுவலக அலமாரியில் தூங்கினால் எழுப்புங்கள். துல்லியமாக வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்காதீர்கள், பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். முக்கியமாக, ஒரே ஒரு மாதிரியோடு நிறுத்த வேண்டாம்: ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று, பாட்டிலின் மேல் தேதி எழுதி.